லாடெக் ஆவணத்தில் வரைபடங்களைச் சரியான அளவில் வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரே கட்டுரையில் முதல் வரைபடத்தின் எழுத்து எறும்பு அளவில் இருக்கும். மூன்றாவது வரைபடத்தின் எழுத்து உடல் உரையை விடப் பெரிதாக நிற்கும். ஒன்றில் கோடு தடிமன், இன்னொன்றில் மயிரிழை. மாதக்கணக்கில் உழைத்து எடுத்த முடிவுகள் இப்படி அச்சாவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரைபடம் ஒரு அளவில் வரையப்பட்டு, வேறொரு அளவுக்கு இழுக்கப்பட்டோ சுருக்கப்பட்டோ பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கொள்கையில் நிற்கிறது. அச்சில் எந்த அளவில் வர வேண்டுமோ அதே அளவில் வரையுங்கள். ஆவணத்தில் சேர்க்கும்போது அளவை மாற்றாதீர்கள். பைதானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிபையும், ஆவணத்தை அச்சுக்கு அமைக்கும் லாடெக்கையும் வைத்தே விளக்குகிறேன். ஆர் மொழிக்காரர்களுக்கும் சீபார்ன் பயன்படுத்துபவர்களுக்கும் தனிப் பகுதி உண்டு.

## சுருக்கினால் என்ன ஆகிறது

மேட்பிளாட்லிப் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரத்தில் படம் வரைகிறது. எழுத்து 10 பாயிண்ட், வரைகோடு 1.5 பாயிண்ட், வரைபட அச்சுகளைச் (ஆக்சிஸ்) சுற்றிய அச்சுச் சட்டம் 0.8 பாயிண்ட். அந்த அளவில் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

இதை ஐஇஇஇ இதழ்களின் இரண்டு பத்தி (பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் காலம்ன்) வடிவத்தில் ஒரு பத்திக்குள் வைக்கிறோம் என்று கொள்வோம். அங்கே ஒரு பத்தியின் அகலம் 252 பாயிண்ட், அதாவது சுமார் 3.49 அங்குலம். படத்தை ஆவணத்தில் சேர்க்கும் இன்க்ளூட்கிராஃபிக்ஸ் கட்டளையில் அகலத்தைப் பத்தி அகலம் என்று கொடுத்த உடனே படம் 0.545 மடங்காகச் சுருங்குகிறது. 10 பாயிண்ட் எழுத்து 5.4 பாயிண்ட் ஆகிவிடும். அச்சுச் சட்டம் 0.44 பாயிண்ட். கீழே உள்ள படக்குறிப்போ 8 பாயிண்டில் இருக்கிறது. படத்துக்குள் இருப்பதைப் படிக்க வாசகர் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், எழுத்தளவை 18, 20 என்று ஏற்றிவிட்டுச் சுருக்குவது. ஒரு படத்துக்கு இது ஒத்துவரும். அடுத்த படத்தின் மூல அளவு வேறு என்றால் சுருங்கும் விகிதமும் வேறு, மறுபடியும் ஊகம். பத்துப் படங்கள் உள்ள ஆய்வேட்டில் இந்த ஊகம் நம்மை விடவே விடாது.

## படி 1: ஆவணத்தை அளந்து பாருங்கள்

நினைவில் உள்ள எண்ணையோ, நண்பர் சொன்ன எண்ணையோ நம்ப வேண்டாம். ஆவணமே அதைச் சொல்லும். படம் வரப்போகும் இடத்தில் பின்சாய்கோடு இட்டு "தி" கட்டளையை எழுதி, அதை ஒட்டியே பின்சாய்கோட்டுடன் "காலம்ன்விட்த்" என்று எழுதினால், தொகுத்தபின் அந்த அகலம் பக்கத்திலேயே அச்சாகும். பக்கத்தில் வேண்டாம் என்றால் அதையே "டைப்அவுட்" கட்டளைக்குள் வைத்தால் பதிவுக் கோப்பில், அதாவது லாக் கோப்பில், விழும்.

அளக்க மூன்று பெயர்கள் இருக்கின்றன, குழப்பமும் இங்கேதான். டெக்ஸ்ட்விட்த் என்பது உரைப்பகுதி முழுவதன் அகலம். காலம்ன்விட்த் என்பது ஒரு பத்தியின் அகலம். லைன்விட்த் என்பது அந்த இடத்தில் ஒரு வரிக்குக் கிடைக்கும் அகலம். பட்டியலுக்குள் இருந்தால் இது மட்டும் சுருங்கியிருக்கும். ஒற்றைப் பத்தி ஆவணத்தில், பட்டியலுக்கு வெளியே, மூன்றும் ஒன்றே. இரண்டு பத்தி ஆவணத்தில் டெக்ஸ்ட்விட்த்தை எடுத்துக்கொண்டு ஒரு பத்திக்குள் படம் வைத்தால் அது பக்கத்துப் பத்தியின் மேல் ஏறி நிற்கும்.

அடிக்கடி சந்திக்கும் சில அளவுகள்: லாடெக்கின் ஆர்ட்டிகிள் வகுப்பு, 10 பாயிண்ட் எழுத்தில், 345 பாயிண்ட். 11 பாயிண்டில் 360, 12 பாயிண்டில் 390. ஐஇஇஇ வகுப்பில் ஒரு பத்தி 252, முழு அகலம் 516. இயற்பியல் இதழ்களுக்கான ரெவ்டெக் வகுப்பில் ஒரு பத்தி 246. ஸ்லைடு தயாரிக்கும் பீமர் வகுப்பில் ஒரு ஸ்லைடு 4:3 விகிதத்தில் 128 × 96 மில்லிமீட்டர்தான், இயல்பான ஓரங்கள் போக உரைக்கு 108 மில்லிமீட்டர். பலர் ஸ்லைடு என்றால் பெரிய திரை என்று நினைத்து 10 அங்குலத்தில் படம் வரைகிறார்கள். லாடெக்கின் அடித்தளமான டெக்கின் கணக்கில் ஸ்லைடு என்பது உள்ளங்கை அகலத் தாள்தான்.

சில பதிப்பகங்கள் மில்லிமீட்டரில் சொல்லும். நேச்சர் இதழில் ஒற்றைப் பத்தி 89, இரட்டைப் பத்தி 183. எல்சவியர் 90, 140, 190 என்ற மூன்று அகலங்களைத் தருகிறது. பதிப்பகம் வெளிப்படையாகச் சொன்ன அளவு இருந்தால் அதுவே இறுதி. இல்லையென்றால் ஆவணத்தை அளப்பதே வழி.

பல்கலைக்கழக ஆய்வேடு என்றால் ஓரங்கள் விதிகளில் இருக்கும். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம். கட்டுப் பக்கம் 35, வெளிப்பக்கம் 25 என்றால் உரைக்கு மிஞ்சுவது 150 மில்லிமீட்டர்.

## படி 2: பாயிண்டை அங்குலமாக்குங்கள், ஆனால் எந்தப் பாயிண்ட்?

மேட்பிளாட்லிபில் படத்தின் அளவைக் குறிக்கும் ஃபிக்சைஸ் அங்குலத்தில்தான் கேட்கும். லாடெக் சொல்வது பாயிண்டில். இந்த இடத்தில் ஒரு சிறு கண்ணி உண்டு.

டெக்கின் பாயிண்ட் வேறு, பிடிஎஃப்பின் பாயிண்ட் வேறு. டெக்கில் ஒரு அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப், மேட்பிளாட்லிப் எல்லாவற்றிலும் ஒரு அங்குலத்துக்கு 72. டெக் உலகில் இந்த இரண்டாவதற்குப் "பெரிய பாயிண்ட்" என்று பெயர்.

வித்தியாசம் நூற்றில் ஒன்று கூட இல்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 252 ஐ 72 ஆல் வகுத்தால் 3.5 அங்குலம், அழகான எண். அந்த அகலத்தில் படம் வரைந்து வைத்தால் டெக் அதை 3.5 × 72.27 = 252.945 பாயிண்ட் என்று படிக்கும். பத்தியோ 252. உடனே "ஓவர்ஃபுல் எச்பாக்ஸ், 0.945 பாயிண்ட் அதிக அகலம்" என்று எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் இத்தகைய எச்சரிக்கைகள் குவிந்தால், உண்மையிலேயே ஓரம் தாண்டும் ஒரு வரி அவற்றுக்கிடையில் மறைந்துவிடும். சரியான கணக்கு:

252 ÷ 72.27 = 3.487 அங்குலம்
345 ÷ 72.27 = 4.774 அங்குலம்
516 ÷ 72.27 = 7.140 அங்குலம்
150 மில்லிமீட்டர் ÷ 25.4 = 5.906 அங்குலம்

எழுத்தளவு விஷயத்தில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். 8 பாயிண்ட் என்பது 8.03 ஆவதை எந்தக் கண்ணும் காணாது. அகலத்தில் மட்டும் கறாராக இருங்கள்.

## படி 3: உயரம்

அகலத்தை ஆவணம் தீர்மானிக்கிறது, உயரத்தை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். வழிகாட்டிகள் பலவும் தங்க விகிதத்தைச் சொல்லும்: அகலத்தை 0.618 ஆல் பெருக்குவது. 3.487 அங்குலத்துக்கு 2.155 வரும். தொடங்க நல்ல எண், அவ்வளவுதான். நேரத்தோடு மாறும் நீண்ட தொடருக்கு 0.4 போதும், பக்கமும் மிச்சம். இரண்டு அச்சிலும் ஒரே அலகு உள்ள படத்துக்குச் சதுரத்தை ஒட்டிய வடிவம் வேண்டும். தரவின் இயல்பைப் பார்த்து முடிவெடுங்கள்.

## படி 4: எழுத்தும் கோடும்

இப்போது படம் அச்சாகும் அளவில்தான் வரையப்படுகிறது. எனவே 8 என்று சொன்னால் அச்சில் 8 தான். ஊகத்துக்கு இடமே இல்லை.

படக்குறிப்பின் எழுத்தளவே நல்ல அளவுகோல். 10 பாயிண்ட் ஆவணத்தில் ஃபுட்நோட்சைஸ் என்பது 8 பாயிண்ட். அச்சுப்பெயர்களுக்கு 8, அச்சிலுள்ள எண்களுக்கும் குறிவிளக்கத்துக்கும் 7 என்று வைத்தால் ஒரு பத்திப் படம் நெருக்கடி இல்லாமல் படிக்கும்படி இருக்கும். 6 க்குக் கீழே போகாதீர்கள். இதழ் அனுமதித்தாலும் வயதில் மூத்த வாசகரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேட்பிளாட்லிபில் இவை ஆர்சிபாராம்ஸ் என்ற அமைப்புத் தொகுப்பில் இருக்கின்றன. ஃபாண்ட் டாட் சைஸ் மட்டும் மாற்றினால் அச்சுப்பெயரும் எண்களும் குறிவிளக்கமும் சேர்ந்து மாறும், ஏனென்றால் அவை "மீடியம்" என்ற சார்பு அளவில் அமைந்தவை. படத்தலைப்பு "லார்ஜ்", அதாவது 1.2 மடங்கு. கட்டுரையில் படத்துக்குள் தலைப்பே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வேலையைப் படக்குறிப்பு பார்த்துக்கொள்ளும்.

எழுத்தைக் குறைத்தபின் கோடுகளை மறந்துவிடக் கூடாது. 6.4 அங்குலப் படத்துக்குப் பொருந்திய 1.5 பாயிண்ட் கோடு 3.5 அங்குலப் படத்தில் மொத்தையாகத் தெரியும். வரைகோடு 1, அச்சுச் சட்டமும் சிறுகோடுகளும் 0.5 அல்லது 0.6 என்று வைத்துப் பாருங்கள். குறிகளின் இயல்பளவு 6 பாயிண்ட், அதை 3 அல்லது 4 ஆக்கலாம். புள்ளிகளைச் சிதறலாக வரையும் ஸ்கேட்டர் கட்டளையில் மட்டும் கவனம்: அங்கே எஸ் என்பது விட்டத்தைச் சொல்வதில்லை, பரப்பைச் சொல்கிறது, பாயிண்டின் வர்க்கத்தில். 3 பாயிண்ட் குறி வேண்டுமென்றால் எஸ் 9.

எழுத்துருவும் உடல் உரையோடு ஒத்துப்போனால் படம் ஆவணத்தின் பகுதியாகவே தெரியும். டெக்ஸ்ட் டாட் யூஸ்டெக் என்பதை இயக்கினால் எழுத்துகளை லாடெக்கே அமைக்கும், ஆனால் ஓடும் நேரம் கூடும். கணிதக் குறிகள் மட்டும் ஒத்துப்போனால் போதும் என்றால் மேத்டெக்ஸ்ட்டின் எழுத்துருத் தொகுப்பை "சிஎம்" என்று வைத்தால் கம்ப்யூட்டர் மாடர்ன் வரும், "ஸ்டிக்ஸ்" என்றால் டைம்ஸ் சாயல் வரும்.

இந்த அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரு எம்பிஎல்ஸ்டைல் கோப்பில் எழுதி வையுங்கள். எல்லாப் படங்களும் அந்த ஒரே கோப்பைப் படிக்கட்டும்.

## படி 5: எல்லைக்குள் அடங்க வைப்பது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறிய படத்தில் அச்சுப்பெயர் விளிம்பில் வெட்டுப்படும். உடனே கை போவது படத்தைச் சேமிக்கும் சேவ்ஃபிக் கட்டளையில் பிபாக்ஸ்-இன்ச்சஸ் என்பதை "டைட்" ஆக்குவதற்கு. வெட்டுப்பட்டது முழுதாக வந்துவிடும், பிரச்சினை தீர்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் நாம் கஷ்டப்பட்டுக் கணக்கிட்ட அகலத்தை அது தூக்கி எறிந்துவிட்டது. "டைட்" என்பது வரைந்தவற்றைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி, நான்கு பக்கமும் 0.1 அங்குலம் சேர்த்து, அந்தப் பெட்டியையே புதிய படமாக எழுதுகிறது. 3.487 கேட்டீர்கள், 3.41 வரலாம், 3.62 வரலாம், அச்சு எண்களின் இலக்கத்தைப் பொறுத்தது. பிறகு ஆவணத்தில் அகலத்தைப் பத்தி அகலமாக்கினால் ஒவ்வொரு படமும் வெவ்வேறு விகிதத்தில் நீளும். மறுபடியும் ஆரம்பித்த இடம்தான்.

சரியான வழி, படத்தின் வெளி அளவைத் தொடாமல் உள்ளே இருப்பவற்றை நகர்த்துவது. சப்பிளாட்ஸ் கட்டளையில் லேஅவுட் என்பதற்குக் "கன்ஸ்ட்ரெயின்ட்" என்று கொடுங்கள். அச்சுப்பெயர், எண்கள், வண்ணப்பட்டை எல்லாம் எவ்வளவு இடம் கேட்கின்றன என்று பார்த்து, மிச்ச இடத்தில் அச்சுப் பெட்டியைப் பொருத்தும். விளிம்பில் இயல்பாக 3 பாயிண்ட் இடைவெளி விடும். அதுவும் வேண்டாம் என்றால் டபிள்யூ-பேட், எச்-பேட் இரண்டையும் குறைத்துக்கொள்ளலாம்.

டைட்-லேஅவுட் என்ற பழைய கட்டளையும் இதே வகைதான், வெளி அளவை மாற்றாது. பெயரில் "டைட்" இருப்பதால் இதையும் சேவ்ஃபிக்கின் "டைட்"டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். டைட்-லேஅவுட் பாதுகாப்பானது. சேவ்ஃபிக்கின் "டைட்" அளவைக் கெடுக்கும்.

இன்னொன்று. ஜூப்பிட்டர் நோட்புக்கில் திரையில் தெரியும் படம் இயல்பாகவே "டைட்" முறையில் வெட்டப்பட்டுத்தான் வருகிறது. அதனால் திரையில் பார்ப்பதை வைத்து அளவைத் தீர்மானிக்காதீர்கள். சேமித்த கோப்பை மட்டும் நம்புங்கள்.

## படி 6: சேமிப்பதும் சேர்ப்பதும்

வரைகோடுகள் உள்ள படம் என்றால் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பிடிஎஃப்பின் எழுத்துரு வகையை (ஃபாண்ட்டைப்) 42 என்று அமைத்துவிடுங்கள். இயல்பான 3 ஐச் சில சமர்ப்பிப்புத் தளங்கள் ஏற்பதில்லை.

லட்சக்கணக்கான புள்ளிகள் உள்ள ஸ்கேட்டர் படத்தை முழுக்க வெக்டராக (பிக்சல்களாக இல்லாமல் வடிவங்களாக) வைத்தால் கோப்பு வீங்கி, பக்கத்தைத் திறக்கவே தாமதமாகும். புள்ளிகளை மட்டும் ராஸ்டரைஸ்ட் ஆக்கி, அதாவது பிக்சல் படமாக்கி, டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) 600 என்று கொடுத்து, அதே பிடிஎஃப்பில் சேமிக்கலாம். எழுத்தும் அச்சும் வெக்டராகவே கூர்மையாக இருக்கும். பிஎன்ஜி தவிர்க்க முடியாத இடத்திலும் கணக்கு அதேதான்: 3.487 அங்குலம் × 600 = சுமார் 2092 பிக்சல். டிபிஐயைக் கூட்டினால் அச்சளவு மாறாது, நுணுக்கம்தான் கூடும்.

ஆவணத்தில் சேர்க்கும்போது இன்க்ளூட்கிராஃபிக்ஸ் கட்டளையில் அகலம், ஸ்கேல் எதையும் எழுதாதீர்கள். வெறும் கோப்புப் பெயர் போதும். இது பலருக்குத் தயக்கமாக இருக்கும், "எதற்கும் இருக்கட்டும்" என்று அகலத்தை எழுதிவிடத் தோன்றும். எழுதாமல் இருப்பதில் ஒரு பெரிய நன்மை: அளவு தவறியிருந்தால் உடனே கண்ணில் படும். அகலம் எழுதிவிட்டால் லாடெக் சத்தமில்லாமல் இழுத்துப் பொருத்திவிடும், தவறு மறைந்துவிடும்.

## அருகருகே இரண்டு படங்கள்

345 பாயிண்ட் பக்கத்தில் இரண்டு படங்களை, ஒவ்வொன்றுக்கும் 0.48 பங்கு கொடுத்து வைக்கிறீர்கள் என்றால், ஒவ்வொன்றும் 165.6 பாயிண்ட், அதாவது 2.291 அங்குலம். அந்த அளவிலேயே வரையுங்கள். எழுத்து அதே 8, 7 தான். படம் சிறிதானதால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியதில்லை. அச்சில் உள்ள எண்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஐந்துக்குப் பதில் மூன்று எண்கள் போதும்.

ஒரே உயரத்தில் இரண்டும் நின்றாலும் உள்ளே இருக்கும் அச்சுப் பெட்டிகள் ஏறி இறங்கித் தெரியலாம், ஒன்றில் "0.001" என்றும் மற்றதில் "5" என்றும் எண்கள் வருவதால். ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் படங்களில் இடது அச்சு கோணலாக நிற்பது இன்னும் உறுத்தும். இதற்குக் கன்ஸ்ட்ரெயின்ட் முறையை விட்டுவிட்டு இடங்களைக் கையால் நிலைநிறுத்துவதே நல்லது. இடது ஓரம் 0.48 அங்குலம், வலது ஓரம் 0.06 அங்குலம் என்று முடிவு செய்தால், 3.487 அங்குலப் படத்தில் இடது எல்லை 0.48 ÷ 3.487 = 0.138, வலது எல்லை 3.427 ÷ 3.487 = 0.983. சப்பிளாட்ஸ்-அட்ஜஸ்ட் கட்டளையில் இந்தப் பின்னங்களைக் கொடுங்கள். எல்லாப் படங்களிலும் அச்சு ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும்.

## சீபார்ன், ஆர், பிஜிஎஃப்பிளாட்ஸ்

மேட்பிளாட்லிபின் மேல் அமைந்த சீபார்னின் ரெல்பிளாட் போன்ற கட்டளைகளில் ஹைட் என்பது ஒரு கட்டத்தின் உயரம், முழுப் படத்தின் உயரம் இல்லை. குறிவிளக்கத்தை வெளியே வைக்கும்போது அது படத்தின் அகலத்தையே கூட்டிவிடும். எனவே வரைந்து முடித்தபின் செட்-சைஸ்-இன்ச்சஸ் கொண்டு அகலத்தை மறுபடி நிலைநிறுத்துங்கள். செட்-தீம் கட்டளை உங்கள் எழுத்தளவுகளை அழித்துவிடும். முதலில் அதை அழைத்துவிட்டுப் பிறகு உங்கள் அமைப்புகளைக் கொடுங்கள்.

ஆர் மொழியில் பிடிஎஃப் சாதனத்தின் இயல்பளவு 7 × 7 அங்குலம். ஜிஜிபிளாட் தொகுப்பின் ஜிஜிசேவ் கட்டளையில் அகலத்தையும் அலகையும் வெளிப்படையாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் திரையில் திறந்திருக்கும் சாளரத்தின் அளவை எடுத்துக்கொள்ளும். ஜிஜிபிளாட்டில் தீமின் அடிப்படை எழுத்தளவு 11 பாயிண்ட். ஆனால் ஜியோம்-டெக்ஸ்ட்டின் சைஸ் மில்லிமீட்டரில் போகிறது. அங்கே 8 என்று எழுதினால் ஏறக்குறைய 23 பாயிண்ட் எழுத்து வந்து நிற்கும். 8 பாயிண்ட் வேண்டுமென்றால் 2.845 ஆல் வகுத்து 2.81 என்று கொடுக்க வேண்டும். அடிப்படை ஆர் வரைகலையில் 2 × 2 கட்டம் போட்டால் எழுத்து தானாக 0.83 மடங்காகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

லாடெக்குக்குள்ளேயே வரையும் பிஜிஎஃப்பிளாட்ஸில் எழுத்துருப் பிரச்சினையே இல்லை. ஆனால் அகலம் அங்கே துல்லியம் இல்லை: பெயர்களுக்கும் எண்களுக்கும் 45 பாயிண்ட் போகும் என்று ஊகித்துக் கழித்துவிட்டு அச்சுப் பெட்டியை வரைகிறது. பெட்டியின் அகலம் துல்லியமாக வேண்டுமென்றால் ஸ்கேல் ஒன்லி ஆக்சிஸ் என்ற தேர்வை இயக்குங்கள்.

## தமிழில் அச்சுப்பெயர் வைப்பவர்களுக்கு

தமிழில் ஆய்வேடோ பாடநூலோ எழுதுபவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. மேட்பிளாட்லிபின் பல பதிப்புகளில் வழக்கமான எழுத்தமைப்பு தமிழின் உயிர்மெய்க் கூட்டுகளை ஒழுங்காகச் சேர்ப்பதில்லை. "வெப்பம்" என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

இதற்கு நம்பகமான வழி, படத்தை லாடெக் கட்டளைகளாக எழுதும் பிஜிஎஃப் பின்தளம். டெக் அமைப்பாக ஸீலாடெக்கைத் தேர்ந்து, அதன் தொடக்கக் கட்டளைப் பகுதியில் (ப்ரியாம்பிள்) ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பையும் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவையும் குறிப்பிடுங்கள். எழுத்தை ஸீலாடெக் அமைப்பதால் கொம்புகள் சரியான இடத்துக்கு வரும். படத்தை பிஜிஎஃப் கோப்பாகவே சேமித்து ஆவணத்தில் இன்புட் செய்தால், ஆவணத்தின் எழுத்துருவையே படமும் எடுத்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். 7 பாயிண்டில் ண, ன வேறுபாடு மங்கும். தமிழ் அச்சுப்பெயருக்கு 9 வையுங்கள். சொற்கள் நீளமாக வருவதால் இடது ஓரத்தில் கூடுதல் இடம் தேவைப்படும். அலகுகளைச் சுருக்கமாக எழுதினால் அது ஈடாகும்.

## சரிபார்த்தல்

பாப்ளர் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்இன்ஃபோ கட்டளையைப் படக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். பக்க அளவு என்ற வரியில் அகலம் பெரிய பாயிண்டில் வரும். 252 பாயிண்ட் பத்திக்கு 251.06 வர வேண்டும். 230 சொச்சமோ 260 சொச்சமோ வந்தால் எங்கோ "டைட்" ஒளிந்திருக்கிறது. பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் கட்டளையில் வகை 3 என்று எதுவும் வரக் கூடாது, எல்லா எழுத்துருவும் உட்பொதிந்திருக்க வேண்டும்.

பிடிஎஃப்லாடெக்கில் தொகுத்தபின் லாக் கோப்பில் "ரிக்வெஸ்டட் சைஸ்" என்று தேடுங்கள். ஒவ்வொரு படமும் ஆவணத்தில் எந்த அளவில் வைக்கப்பட்டது என்று வரிசையாகத் தெரியும். அகலம் எல்லாவற்றுக்கும் 252 ஐ ஒட்டி இருந்தால் சரி.

ஒரு பக்கத்தையாவது தாளில் அச்சிட்டுப் பாருங்கள். அச்சிடுவதற்கான உரையாடல் பெட்டியில் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிட்டு உண்மை அளவு, 100 சதவீதம் என்று வையுங்கள். அளவுகோலை வைத்தால் படம் சுமார் 88.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அச்சுப்பெயரையும் படக்குறிப்பையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். கண் எந்தச் சிரமமும் இல்லாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டும்.

கட்டுரை ஒரு இதழில் நிராகரிக்கப்பட்டு இன்னொன்றுக்குப் போவது ஆய்வில் சகஜம். ஐஇஇஇ வடிவிலிருந்து ரெவ்டெக்குக்குப் போகிறீர்கள் என்றால் மாறுவது ஒரே எண், 252 க்குப் பதில் 246. அந்த எண்ணைப் படங்களின் நிரல்கள் எல்லாம் படிக்கும் ஒரே இடத்தில் வைத்திருங்கள். அதை மாற்றி, எல்லா நிரல்களையும் ஒரு முறை ஓட்டி, பிடிஎஃப்இன்ஃபோவில் அகலம் 245.08 வருகிறதா என்று பாருங்கள்.